ஓஎஸ் புதிதாகப் போடும் முன்: ஃபைல்கள் போகாமல் காக்கும் வழி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் கேட்கப்படும் முதல் கேள்வி, “சி டிரைவில் ஏதும் முக்கியமா இருக்கா?” என்பதுதான். “இல்லைங்க, எல்லாம் டெஸ்க்டாப்புலதான் இருக்கு” என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர். டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவையும் அப்படித்தான். சி டிரைவை ஃபார்மட் அடித்தால் நான்கும் சேர்ந்தே போகும். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பட்டா, நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடான இசைகுடிமானத்தைப் படமெடுத்து வைத்தது, சிங்கப்பூரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளின் படங்கள், கடையின் டாலி கணக்கு எல்லாம் அந்த ஒரு பதிலில் அழிந்துவிடுகின்றன. ஒரு நாள் முன்னால் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் எதுவுமே போயிருக்காது என்பதுதான் இதில் மனதை வருத்துவது.

ஓஎஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 என்ற இரண்டு ஓஎஸ்ஸுக்கும் பொருந்தும். எந்த வழியில் போட்டாலும் மாறாத விதி ஒன்று உண்டு: கணினிக்கு வெளியே இன்னொரு பிரதி இருக்க வேண்டும், அதை நீங்கள் திறந்து பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டும் முடியும்வரை ஓஎஸ்ஸைத் தொடாதீர்கள். “டி டிரைவில் போட்டு வைத்துவிட்டேன்” என்பது கணக்கில் வராது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சியும் டியும் ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்ததுதான். டிஸ்க் போனால் இரண்டும் போகும். கை தவறி ஒரு பொத்தானை அழுத்தினாலும் இரண்டும் போகும்.

1. நோய் ஓஎஸ்ஸிலா, டிஸ்கிலா என்று முதலில் பாருங்கள்

கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓஎஸ் மாற்றக் கூடாது. உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், புதிதாக விண்டோஸ் போட்டாலும் சில வாரங்களில் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் மேல் கிளிக் செய்தால் அது எஸ்எஸ்டியா (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) எச்டிடியா (சுழலும் ஹார்ட் டிஸ்க்) என்று காட்டும்.

அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். டிஸ்க்கின் உடல்நிலையை நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் காட்டும். மஞ்சளோ சிவப்போ வந்தால் அந்த டிஸ்கில் ஓஎஸ் போடுகிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஃபைல்களை எடுப்பது மட்டுமே அப்போது வேலை. “டிக், டிக்” என்று சத்தம் வந்தால் அதையும் செய்யாதீர்கள். உடனே அணைத்துவிட்டு, டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்கிறவர்களிடம் கொண்டுபோங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கும், ஆயிரக்கணக்கில் செலவாகும். அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் மிச்சம் இருப்பதையும் கெடுக்கும்.

2. உங்களுக்கு எந்த வழி

நான்கு வழிகள் உள்ளன. ஆபத்து குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

புதிய எஸ்எஸ்டி வாங்கி அதில் ஓஎஸ் போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவது. என்னைக் கேட்டால் பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கும் எல்லாருக்கும் இதுதான் சரியான வழி. ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கை யாரும் தொடுவதே இல்லை, ஆகவே தவறு நடக்க இடமில்லை. வேகமும் கிடைக்கும். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டால் வெளியே செருகிப் படித்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் கோளாறு செய்கிறது என்றால், உள்ளிருந்தே மறுபடி போடுவது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் “ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்” என்ற வரியும் பக்கத்தில் “ரீஇன்ஸ்டால் நவ்” பொத்தானும் இருக்கும். ஃபைல்கள், மென்பொருள்கள், செட்டிங்ஸ் மூன்றும் அப்படியே இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாகும்.

மூன்றாவது, அதே ரெக்கவரி பக்கத்தில் உள்ள “ரீசெட் திஸ் பிசி”. அதில் “கீப் மை ஃபைல்ஸ்”, “ரிமூவ் எவ்ரிதிங்” என்று இரண்டு தேர்வுகள் வரும். முதலாவதைத் தேர்ந்தால் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் இருப்பவை தங்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் எல்லாம் நீங்கும். ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் கணக்கு மென்பொருள் தன் டேட்டாவை வைத்திருந்தால் அது தங்கும் என்று நம்ப வேண்டாம். பெயரைப் பார்த்து மயங்கி பிரதி எடுக்காமல் இறங்குகிறவர்கள் இங்கேதான் அதிகம்.

கடைசி வழி, பென் டிரைவிலிருந்து சுத்தமாகப் போடுவது. வைரஸ் ஏறிய கணினிக்கும், திறக்கவே திறக்காத கணினிக்கும் இதுதான். கீழே உள்ள படிகளில் பெரும்பகுதி இதற்கானவை.

3. கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

இவற்றை ஒரு தாளில் பேனாவால் எழுதுங்கள். கணினியிலேயே நோட்பேடில் எழுதி வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சல், கடவுச்சொல், ஓடிபி வரும் போன் எண். இந்த எண்ணை இன்றே சரிபாருங்கள். கணினி வாங்கிய காலத்தில் மகன் தன் எண்ணைக் கொடுத்திருப்பார், இப்போது அவர் கோலாலம்பூரில் இருப்பார், அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் போயிருக்கும். எண்ணை மாற்றுவதற்கே சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

விண்டோஸ் எந்த எடிஷன், ஹோமா ப்ரோவா என்பது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் இருக்கும். ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆன கணினிக்கு மறுபடி லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. உரிமம் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். புதிதாகப் போடும்போது 25 எழுத்துக் கீ கேட்டால் “ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ” என்று தொட்டு, அதே எடிஷனைத் தேர்ந்தெடுத்தால் இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் இருந்த கணினியில் ப்ரோ போட்டால் ஆகாது. மதர்போர்டை மாற்றியிருந்தால் கதை வேறு, அப்போது கடைப் பில்லும் கீயும் தேவைப்படும்.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ. இதில் ஏமாந்தவர்கள் நிறைய. விண்டோஸ் 11 கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்தவுடன், உங்களைக் கேட்காமலே டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டுவிடுகிறது. அன்றாடம் இது தெரியாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) ஒன்றை மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அது இல்லையென்றால் எந்தக் கடைக்காரரும் திறக்க முடியாது. செட்டிங்ஸில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால், போனில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீயைக் கண்டுபிடித்து, 48 இலக்கத்தையும் தாளில் எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கீ இருந்தால் அதனதன் கீ ஐடியையும் சேர்த்து எழுதுங்கள்.

4. நாள், நேரம், செலவு

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாள் உங்கள் பகுதிக்கு எது என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதத்து இடிமழை மாலைகளும் வேண்டாம். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் கட்டாயம். அதன் பேட்டரி உண்மையில் தாங்குகிறதா என்று முந்தைய நாளே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். நிறுவும்போது பாதியில் மின்சாரம் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

பிரதி எடுக்கும் நேரம் கருவியைப் பொறுத்தது. பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 100 ஜிபி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் அதே 100 ஜிபி இருபது நிமிடத்தில் முடியக்கூடும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் இரண்டுமே இழுக்கும். விண்டோஸ் நிறுவ எஸ்எஸ்டியில் அரை மணி, சுழலும் டிஸ்கில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். அதன் பிறகு டிரைவர் (வைஃபை போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), அப்டேட், மற்ற மென்பொருள்கள் என்று அரை நாள். மொத்தத்தில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

வாங்க வேண்டியது 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று. பென் டிரைவுக்குச் சில நூறு ரூபாய் ஆகும், 1 டிபி ஹார்ட் டிஸ்குக்குச் சில ஆயிரம் ஆகும். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, வாங்கும் அன்று இரண்டு கடையில் கேளுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் லைசென்ஸ் கீ வேண்டாம். இலவசமாக ஆக்டிவேட் செய்து தரும் மென்பொருளும் வேண்டவே வேண்டாம், அதன் வழியாகத்தான் வைரஸ் உள்ளே வருகிறது.

5. எவற்றை எடுத்து வைப்பது

யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாம் அதற்குள்தான். ஒரே கணினியை வீட்டில் பலர் தனித்தனிப் பெயரில் பயன்படுத்தினால் ஒவ்வொருவரின் ஃபோல்டரையும் எடுக்க வேண்டும். ஐயாவுக்கு என்று தனியாகத் திறந்து கொடுத்த கணக்கை மறந்துவிடாதீர்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஃபைலின் ஓரத்தில் மேகப் படம் இருந்தால் அந்த ஃபைல் கணினியில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து “ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்” கொடுத்து, எல்லாம் இறங்கிய பிறகு பிரதி எடுங்கள். இதற்கு நேர் மாறான பொறியும் உண்டு: இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி நிரம்பியதும் ஒன்டிரைவ் மேலே ஏற்றுவதை நிறுத்திவிடும். “எல்லாம் ஒன்டிரைவில் இருக்கிறது” என்று நம்பி ஃபார்மட் அடித்தால் நிரம்பிய நாளுக்குப் பிந்தைய ஃபைல் ஒன்றும் இருக்காது. போனில் ஒன்டிரைவைத் திறந்து சென்ற வாரத்து ஃபைல் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டாலி பயன்படுத்தும் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். டாலி பிரைமுக்குள் டேட்டா மெனுவில் பேக்கப் எடுத்து வெளி டிஸ்கில் வையுங்கள். அதோடு டேட்டா ஃபோல்டரையும் அப்படியே பிரதி எடுங்கள். பல கணினிகளில் அது யூசர்ஸ், பப்ளிக், டாலிபிரைம், டேட்டா என்ற வழியில் இருக்கும். கம்பெனியின் எண்ணே ஃபோல்டரின் பெயராக இருக்கும். அடுத்து டாலி லைசென்ஸை சரண்டர் செய்ய வேண்டும், அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஃபார்மட் அடித்தால் புதிய விண்டோஸில் ஆக்டிவேட் செய்யும்போது தகராறு வரும். ஜிஎஸ்டிக்குப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்பம் யூஎஸ்பி டோக்கனில் இருந்தால் அதற்குக் கவலை இல்லை, சான்றிதழ் டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. டோக்கனின் டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டும்.

அச்சகங்களும் பத்திர எழுத்தர்களும் தமிழ் எழுத்துருக்களை எடுக்க மறக்கிறார்கள். யூனிகோடு வருவதற்கு முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை, பழைய பத்திர வாசகம் எல்லாம் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து அழித்துவிடுகிறவர்கள்கூட உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகப் பிரதி எடுத்தால் போதும்.

பிரவுசரில் புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் இருக்கும். குரோமில் உங்கள் ஜிமெயில் கணக்கோடு சிங்க் ஆனில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கடவுச்சொல் ஃபைலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்க முடியும், ஆகவே புதிய கணினியில் ஏற்றியவுடன் அதை அழித்துவிடுங்கள். அவுட்லுக் வைத்திருந்தால் பிஎஸ்டி என்று முடியும் ஃபைலைத் தேடி எடுங்கள். தண்டர்பேர்டு, ஸ்டிக்கி நோட்ஸ் போன்றவை ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் எழுதி வைக்கின்றன. வியூ மெனுவில் “ஹிட்டன் ஐட்டம்ஸ்” டிக் செய்தால் அது கண்ணுக்குத் தெரியும்.

வாங்கி வரும் பென் டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட் 32 வடிவில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ ஏற மறுத்தால் இதுதான் காரணம். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுங்கள்.

6. பிரதியைச் சரிபார்ப்பது

மூலத்தின் மேலும் பிரதியின் மேலும் வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கையும், “சைஸ்” என்ற வரியில் உள்ள பைட் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். அடுத்த வரியில் உள்ள “சைஸ் ஆன் டிஸ்க்” டிஸ்குக்கு டிஸ்க் மாறும், அதை வைத்துக் குழம்ப வேண்டாம்.

பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு ஃபோல்டரிலிருந்தும் இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்து பாருங்கள். படம் முழுசாகத் தெரிகிறதா, பிடிஎஃப் கடைசிப் பக்கம் வரை போகிறதா, டாலி பேக்கப் ரிஸ்டோர் ஆகிறதா? பெயர் மட்டும் தெரிந்தால் ஃபைல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திரும்பக் கிடைக்காத பத்திர ஸ்கேன், பழைய குடும்பப் படங்கள் போன்றவற்றை மட்டும் இன்னொரு பென் டிரைவிலோ, 15 ஜிபி இலவசமாகத் தரும் கூகுள் டிரைவிலோ கூடுதலாக ஒரு பிரதி வையுங்கள்.

இது முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். ஓஎஸ் போட்டு முடியும்வரை அது கணினியின் பக்கத்தில்கூட இருக்க வேண்டாம்.

7. விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால்

பயந்து உடனே ஃபார்மட் அடிக்கக் கூடாது. விண்டோஸ் திறக்காவிட்டாலும் ஃபைல்கள் பெரும்பாலும் டிஸ்கில் பத்திரமாகவே இருக்கும்.

எளிய வழி: வேறொரு கணினியில் விண்டோஸ் பென் டிரைவ் தயாரித்து (8ஆம் படி) அதிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது கணினியை அதிலிருந்து கிளப்புங்கள் (9ஆம் படி). நிறுவும் திரை வந்ததும் ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைப் பலகை திறக்கும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே “ஆல் ஃபைல்ஸ்” தேர்ந்தெடுத்தால் அந்தப் பெட்டியிலேயே டிரைவுகள் எல்லாம் தெரியும். ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து காப்பி கொடுத்து, எக்ஸ்டர்னல் டிஸ்கில் பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராது, திரை உறைந்ததுபோல் நிற்கும், பொறுத்திருங்கள். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். சி என்று காட்டுவது உங்கள் பழைய சி ஆக இல்லாமல் போகலாம், உள்ளே பார்த்து உறுதி செய்யுங்கள்.

நிறைய ஃபைல்கள் என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை (இரண்டும் இலவச ஓஎஸ்கள்) பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் “டிரை” முறையில் திறந்து பிரதி எடுப்பது சுலபம். டிஸ்க்கைக் கழற்றத் தெரிந்தால் யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். அப்போது “பெர்மிஷன் இல்லை” என்று வந்தால் கன்டினியூ கொடுங்கள், திறந்துவிடும். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் இந்த மூன்று வழியிலும் அந்த 48 இலக்கம் வேண்டும்.

8. பூட் பென் டிரைவ் தயாரிப்பது

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்குங்கள். குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். அதில் இருப்பது அனைத்தையும் அது அழித்துவிடும், ஆகவே ஃபைல் பிரதி வைத்த பென் டிரைவையே இதற்கும் பயன்படுத்திவிடாதீர்கள். நான்கைந்து ஜிபி இறங்கும். நாளுக்கு 2 ஜிபி தரும் போன் பேக்கில் பாதியில் நின்றுவிடும், வீட்டு ஃபைபரிலோ தெரிந்தவர் அலுவலகத்திலோ செய்யுங்கள்.

விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கணினி தாங்குமென்றால் 11 போடுங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும்.

தயாரித்த பிறகு அதே பென் டிரைவில் உங்கள் மடிக்கணினி மாடலின் வைஃபை டிரைவரை, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டு வையுங்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஆர்எஸ்டி என்ற இன்டெலின் டிஸ்க் டிரைவரையும் இறக்கி, ஜிப்பைப் பிரித்து வையுங்கள். ஏன் என்று அடுத்த படியில் வரும்.

9. நிறுவும் நேரம்

எக்ஸ்டர்னல் டிஸ்க், மற்ற பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் கழன்றிருக்க வேண்டும். மேசைக் கணினியில் இரண்டு டிஸ்க் இருந்தால், அணைத்துவிட்டு ஃபைல்கள் உள்ள டிஸ்க்கின் சாட்டா வயரைக் கழற்றிவிடுங்கள். தவறுதலாக அதை அழிப்பது மட்டுமில்லாமல், விண்டோஸ் தன் பூட் பகுதியை அந்த டிஸ்கில் கொண்டுபோய் வைப்பதையும் இது தடுக்கும்.

கணினியை அணைப்பதற்கு முன்பே விண்டோஸில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. திஸ் பிசியில் ஒவ்வொரு டிரைவின் அளவையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். “சி, 120 ஜிபி. டி, 345 ஜிபி” என்பதுபோல. நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3 என்றுதான் வரும் (பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கின் ஒரு பிரிவு). அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்ய, ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசஸ் மடிக்கணினி என்றால் எஸ்கேப் தட்டுங்கள். ஏசரில் எஃப்12 வேலை செய்ய முதலில் பயாஸில் பூட் மெனுவை எனேபிள் செய்ய வேண்டியிருக்கும்.

புதிய விண்டோஸ் 11 நிறுவும் திரையில், ஃபைல்கள் அனைத்தும் அழியும் என்பதை ஏற்கிறேன் என்று ஒரு வரிக்கு டிக் போடச் சொல்லும். பீரோவில் பிரதி இருக்கிறவர் மட்டும் அந்த டிக்கைப் போடலாம்.

பிறகு வருவதுதான் எல்லா இழப்பும் நடக்கும் திரை. வரிசையாகப் பார்ட்டிஷன்கள் தெரியும். 100 எம்பி அளவில் இருப்பது பூட் பகுதி, சில நூறு எம்பியில் இருப்பது ரெக்கவரி. அவற்றை விட்டுவிடுங்கள். தாளில் எழுதிய சி டிரைவின் அளவோடு ஒத்துப்போகும் வரியை மட்டும் தேர்ந்து, ஃபார்மட் கொடுத்து, அதிலேயே நிறுவுங்கள். “எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு அன்அலோகேட்டட்ல (பிரிக்காத காலி இடத்தில்) போடு” என்று வீடியோக்களில் சொல்வது, டிஸ்கில் காக்க வேண்டியது எதுவும் இல்லாதவர்களுக்கு. டெலீட் அழுத்தியவுடன் அந்த நொடியே அது நடந்துவிடும், பின்வாங்க வழியில்லை.

தவறி டி பார்ட்டிஷனை டெலீட் செய்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நியூ, ஃபார்மட் எதையும் தொடாமல் கணினியை அணையுங்கள். எதுவும் எழுதப்படாத நிலையில் டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருளால் பார்ட்டிஷனை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் ஃபார்மட்டும் அடித்துவிட்டால் மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். காலியான இடத்தைத் துடைத்துவிடும்படி விண்டோஸே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது.

இந்தத் திரையில் இரண்டு தடைகள் வரும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். புதிய இன்டெல் மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஆர்எஸ்டி டிரைவர் இல்லாததுதான் காரணம். லோட் டிரைவர் கொடுத்து, பிரித்து வைத்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். மற்றொன்று, “எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருப்பதால் நிறுவ முடியாது” என்ற செய்தி. எம்பிஆர் என்பது டிஸ்க்கின் பிரிவுகளைப் பதிந்து வைக்கும் பழைய முறை. பழைய கணினிகளில் இந்தச் செய்தி வரும். எல்லாவற்றையும் டெலீட் செய்தால் இது மறைந்துவிடும் என்பதால் அவசரக்காரர்கள் அதையே செய்கிறார்கள், டி டிரைவும் போய்விடுகிறது. விண்டோஸ் 10 போடுவதானால் வெளியே வந்து, பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறையின் பெயர்) என்று முன்னால் போடாத பென் டிரைவ் வரியைத் தேர்ந்தால் டெலீட் செய்யாமலே நிறுவலாம்.

அரசு தந்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து இருந்தால், விண்டோஸ் போட்டபின் லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் திரை மறைந்துபோகலாம். லினக்ஸுக்குள் உள்ள ஃபைல்களையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

முதல் முறை ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவைக் கழற்றுங்கள். இல்லையென்றால் மறுபடி முதல் திரைக்கே போகும்.

விண்டோஸ் 11 ஹோம் முடியும் தறுவாயில் இணையம் கேட்கும். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் ரௌட்டர் இருந்தால் முற்றமுள்ள வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்கு வைஃபை எட்டாது, அந்தச் சுவர்களின் கனம் அப்படி. கணினியை ரௌட்டர் பக்கத்தில் வைத்து லேன் வயரால் இணையுங்கள். அல்லது ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். வைஃபை டிரைவர் இல்லாத நேரத்திலும் இது பெரும்பாலும் வேலை செய்யும்.

10. போட்டு முடித்த பின்

ஆக்டிவேஷன் ஆகியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஓட்டி, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இல்லாதவரை டிரைவர்களைப் போடுங்கள். டிவைஸ் என்கிரிப்ஷன் மறுபடி ஆன் ஆகியிருந்தால் இப்போது சாவி புதியது. புதிய 48 இலக்கத்தையும் தாளில் எழுதுங்கள். கழற்றி வைத்த பழைய டிஸ்க்கோ தொடாமல் விட்ட டி டிரைவோ பூட்டியிருந்தால் அதற்குப் பழைய சாவியே வேண்டும், அதை அழிக்காதீர்கள்.

அதன் பிறகே பீரோவிலிருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க். வைரஸுக்காக ஓஎஸ் மாற்றியிருந்தால் முதலில் டிஸ்க் முழுவதையும் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபைல்களைக் காப்பி மட்டும் செய்யுங்கள், கட் வேண்டாம். எழுத்துருக்களைத் தேர்ந்து வலது கிளிக்கில் இன்ஸ்டால் கொடுங்கள். தமிழ் அடிக்க டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸோடே கிடைக்கும்.

ஃபார்மட் செய்யாமல் மேலேயே நிறுவியிருந்தால் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கலாம். பழைய யூசர்ஸ் ஃபோல்டர் அதற்குள் இருக்கும். விண்டோஸ் அதைத் தானாகவே அழித்துவிடும். பத்து நாள்கூடக் காத்திருக்காமல் வேண்டியதை வெளியே எடுங்கள். டிஸ்க் க்ளீனப் இப்போது ஓட்ட வேண்டாம்.

எக்ஸ்டர்னல் டிஸ்கில் உள்ள பிரதியைக் குறைந்தது ஒரு மாதம் அப்படியே விடுங்கள். ஒரு ஜிஎஸ்டி தாக்கல், ஒரு மின்கட்டணம், ஒரு பத்திர வேலை என்று ஒரு சுற்று போனால்தான் எது விடுபட்டது என்று தெரியும்.

11. கடையில் கொடுப்பதானால்

கொடுக்கும் முன் 5, 6 படிகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். “டேட்டா எடுத்து வைத்துப் போடுகிறோம்” என்று சொன்னாலும், எதை எடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கணினியோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். ரசீதில் இவற்றை எழுதி வாங்குங்கள்: சி மட்டும் ஃபார்மட், டி தொடக் கூடாது, முன்பிருந்த அதே விண்டோஸ் எடிஷன், ஆக்டிவேஷன் மென்பொருள் எதுவும் போடக் கூடாது, டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க் திரும்ப வேண்டும். திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து டி டிரைவைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய டிஸ்க்கை உறையில் போட்டு, என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் கழற்றியது என்று மேலே எழுதி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.